நாக்கை மடிக்கத் தெரிந்த பெண்

ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பெற்றோர் கையெழுத்தைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ போலிக் கையெழுத்தைப் பிடித்தவர்; யார் பேச்சையும் லேசில் நம்பிவிட மாட்டார்.

அந்த வருஷம் நான்கு பள்ளிகள் சேர்ந்து, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் குணங்களைத் தொகுத்தன. கன்னத்தில் குழி விழுகிறதா, காதுமடல் ஒட்டியிருக்கிறதா, நாக்கைக் குழல்போல் மடிக்க முடிகிறதா என்று வீட்டில் பார்த்து எழுதிவர வேண்டும். அதைக் கணினியில் ஒரே பொதுப் பட்டியலாக ஏற்றினார்கள். பெயர் கிடையாது, வரிசை எண் மட்டும்.

தன் வகுப்புத் தாள்களில் முப்பத்தொன்றாவதில் டீச்சரின் பேனா நின்றது. அப்பாவுக்கு நாக்கு மடியாது, அம்மாவுக்கும் மடியாது, மகளுக்கு மடியும். கையேட்டின்படி இப்படி நடக்கவே கூடாது.

அந்தத் தாளை எழுதிய பெண்ணைக் கூப்பிட்டார். "வீட்ல கேக்காம நீயா எழுதிட்டியா?"

"கேட்டுத்தான் எழுதினேன் டீச்சர்."

"யார்கிட்ட கதை விடுற? அம்மா அப்பாவுக்கு வராதது உனக்கு எப்படி வரும்?"

அவள் நாக்கை மடித்துக் காட்டினாள். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். தையற்காரர். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்திருந்தார்.

"எங்க வீட்டு நாக்கை வெச்சு உங்களுக்கு என்ன டீச்சர் ஆகணும்? 'நான் உங்க பொண்ணுதானாப்பா'ன்னு கேக்கறா."

நாக்கை நீட்டினார். எவ்வளவு முயன்றும் அது பலகைபோல் தட்டையாகவே கிடந்தது. டீச்சரின் மனம் ஒரு கணம் போகக்கூடாத இடத்துக்குப் போய்த் திரும்பியது. அவருக்கே கூசியது.

தையற்காரர் போனதும் டீச்சர் பொதுப் பட்டியலைத் திறந்தார். மற்ற மூன்று பள்ளிகளில் இப்படி ஒரு வீடுகூட இல்லையாம்! அதுதான் உறுத்தியது. எண்களை விரல் வைத்து ஓட்டினார். பதினைந்துக்குப் பிறகு பதினேழு. இப்படி ஏழு எண்களைக் காணவில்லை.

அடுத்த பள்ளி ஆசிரியருக்குப் போன் போட்டார். "சார், உங்க பதினாறாம் நம்பர் எங்கே?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். "அது தப்பா எழுதியிருந்தாங்க மேடம். எடுத்துட்டேன்."

"தப்புன்னு எப்படித் தெரியும்?"

"புத்தகத்துல அப்படித்தானே இருக்கு? வீட்ல பிரச்சினை கிளம்பினா யார் பதில் சொல்றது?"

மற்ற இரு பள்ளி ஆசிரியர்களும் இதையே சொன்னார்கள். டீச்சர் விடவில்லை, ஏழு வரிகளும் திரும்பி வந்தன. புதிய புத்தகங்களைப் புரட்டியபோது விஷயம் தெளிவானது. நாக்கு மடிப்பது ஒரே ஒரு மரபணுவின் வேலை இல்லை. அச்சு அசலான இரட்டையரில்கூட ஒருவருக்கு மடியும், மற்றவருக்கு மடியாது. இத்தனை வருஷம் தான் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்பது சுருக்கென்று தைத்தது.

அவளுடையதையும் சேர்த்து எட்டு வரிகளையும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். "புத்தகத்தை நம்பினேன், இந்தப் பொண்ணை நம்பல. தப்பு என்னோடது."

சாயங்காலம் தையற்கடைக்கும் போய்ச் சொன்னார்.

தையற்காரர் மிஷினை நிறுத்தாமலே கேட்டார்: "எம் பொண்ணைக் கேக்கறதுக்கு முன்னாடியே இதையெல்லாம் பாத்திருக்கலாம்ல டீச்சர்?"

அந்தப் பெண் வெகுநாள் வரை தன் நோட்டை டீச்சரிடம் நேரில் நீட்டாமல் தோழியிடமே கொடுத்தனுப்பினாள்.