ராசாத்திக்கு ஏற்றிய எட்டு பாட்டில்

2025 ஜனவரி 8, ரூ. 600
ஜனவரி 29, ரூ. 600
பிப்ரவரி 19, ரூ. 600
மார்ச் 12, ரூ. 600
மார்ச் 15, கருப்புக் கண்ணாடி, செலவு ரூ. 250
ஏப்ரல் 2, ரூ. 600
ஏப்ரல் 23, ரூ. 600
மே 14, ரூ. 600
ஜூன் 4, ரூ. 600

அறுநூறு என்பது திருச்சி ஆஸ்பத்திரியில் கொடுத்த பயணப்படி. கீரனூரிலிருந்து என் அண்ணன் மகள் ராசாத்தியை பஸ்ஸில் கூட்டிப் போய் வந்தவன் நான். அவள் கணவன் நாகராசு குவைத்தில் இருக்கிறான்.

ராசாத்தி ஜாக்கெட் தைப்பவள். தைராய்டு நோய் நாற்பத்தைந்து வயதில் அவள் கண்ணைப் பிடித்தது. விழிகள் வெளியே தள்ளின. பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தது.

"ஒரு ஆட்டோ ரெண்டா வருது சித்தப்பா. ரெண்டு பேருக்கும் வாடகை குடுக்கணுமோ?" என்பாள்.

டிசம்பரில் அந்தப் பேச்சு நின்றது. அவள் மகள் அருணா ஐந்து மாதக் கர்ப்பம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவேண்டியவள். வல்லத்திராக்கோட்டையிலிருந்து அருணாவின் மாமியார் புவனேஸ்வரி வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. வயித்துப்புள்ளக்காரி தெனமும் அந்தக் கண்ணுல முழிக்கணும். பொறக்குற புள்ளைக்கு வேற ஆகாது. கண்ணு உள்ள போகட்டும், நானே கொண்டாந்து விடுறேன்."

அதனால்தான் ராசாத்தி திருச்சி ஆஸ்பத்திரியில் நடந்த மருந்துச் சோதனைக்குச் சம்மதித்தாள். ஆன்டிபாடி வகைப் புது மருந்து. கண்ணுக்குப் பின்னால் வீக்கத்தைத் தூண்டுவதைத் தடுக்குமாம். மூன்று வாரத்துக்கு ஒரு பாட்டில் நரம்பில் ஏற்றுவார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது.

"எனக்கு மருந்துதான் சித்தப்பா. ஏறும்போது கை சில்லுன்னு இருக்கு" என்றாள்.

முதல் நாள் அளந்தபோது விழி 24 மில்லிமீட்டர் வெளியே இருந்தது. நாலாவது பாட்டிலுக்குப் பிறகும் 24.

மார்ச் 16 புவனேஸ்வரி வீட்டில் வளைகாப்பு. அருணாவின் ஜாக்கெட்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டே தைத்து முடித்திருந்தாள் ராசாத்தி. சடங்கு முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பவேண்டும்.

"கண்ணாடியக் கழட்டுங்க அண்ணி, பாப்போம்" என்றார் புவனேஸ்வரி.

கழற்றினாள். புவனேஸ்வரி ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து மீதி வளையல்களை அடுக்க ஆரம்பித்தார். அருணா அழுதாள். நாங்கள் இருவரும் மட்டும் பஸ் ஏறினோம்.

ஏப்ரல் 19 பேரன் பிறந்தான். இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனோம். புவனேஸ்வரி பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு காலை மட்டும் காட்டினார். ராசாத்தி அந்தக் காலைத் தொட்டாள்.

"ஒங்க மாமனார் கால் மாதிரி அகலமா இருக்கு" என்று புவனேஸ்வரியிடம் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

23ஆம் தேதி விடியற்காலையில் ராசாத்தி திருச்சிக்குப் புறப்பட்டு நின்றாள்.

"இனி எதுக்கும்மா?" என்றேன்.

"பாதியில விட்டா அவங்க கணக்கு கெட்டுப்போகுமாமே. அருணா வயசுல ஒருத்தி அங்க வாரா சித்தப்பா. இன்னும் கல்யாணம் ஆகல."

கடைசி அளவு 24.

முடிவைச் சொல்லும் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஏற்றியது எட்டும் உப்புத் தண்ணீர்.

"மருந்து ஏத்துனவங்களுக்கு உள்ள போச்சாமா?"

"முக்காவாசிப் பேருக்குப் போயிருக்காம்."

"அந்தப் பொண்ணுக்கு?"

"பேரு போடல."

"அந்த மருந்து கடைக்கு எப்ப வருமாம்?"

"அதுவும் போடல."

"பேரன் தவழ ஆரம்பிச்சுட்டானாம் சித்தப்பா" என்றாள்.

கடிதம் வந்த தேதி 2025 நவம்பர் 17.