தூணம்மன் துணியை அவிழ்த்தவர்

கன்னியம்மா அக்கா போய்விட்ட செய்தி ஐயம்பேட்டை பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் என் வெல்டிங் பட்டறை முன்னால் வண்டியை நிறுத்தி, படியில் நின்றபடியே கூவினார்: "சாயக்கூடத்துக் கன்னிம்மா காலைல தவறிடுச்சிபா!" எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்து, என் டீயைக் கழுநீர் என்று திட்டிவிட்டுப் போன மனுஷி. அப்படி என்ன அவசரம்?

அக்காவுக்கு அஞ்சலி செலுத்த வந்திருப்பவர்களில், அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் சங்கத்துச் சாயக்கூடத்தில் பட்டு நூல் அலசும் பெண்களுக்கு, முசரவாக்கத்துக்காரரான அவர்தான் தலைவி. கூடத்தின் நடுவே கூரையைத் தாங்கும் இரும்புத் தூண் ஒன்று. யாரோ எப்போதோ அதற்கு மஞ்சள் துணி சுற்றிப் பொட்டு வைக்க, அது தூணம்மன் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பூசை செய்தவர் அக்கா.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் கூரை அந்தத் தூண் பக்கமாக இறங்கியது. ஓடுகள் சரிந்து சாயத் தொட்டிக்குள் விழுந்தன. சங்கத்தார் கூடத்தைப் பூட்டினார்கள். பார்க்க வந்த இஞ்சினியர் நல்ல மனிதர். "அடியைப் பார்க்காம நான் எதுவும் சொல்ல முடியாது, துணியை எடுங்க" என்றார். ஒருவரும் அசையவில்லை. அம்மன் சேலையில் யார் கை வைப்பது? தூண் தேறாது என்றால் கூடத்தை இடித்துவிட்டு, சாய வேலையை வெளியூருக்கு அனுப்புவதாகச் சங்கத்தில் பேச்சு. கல்யாண சீசன் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பெண்களுக்கும் பிழைப்பு போய்விடும். இரும்பு வேலைக்காகச் சங்கத்தார் கூப்பிட்டிருந்த, ஊரெல்லாம் வீராப்பு பேசுகிற நானும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன்.

அக்கா முன்னால் வந்தார். "ஏன்பா, பெத்த அம்மாவுக்குக் கால்ல புண்ணுன்னா துணியைப் பிரிச்சிப் பாப்பியா, கும்பிட்டுக்கினே நிப்பியா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, தூணடியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். துணியோடு துருவும் உரிந்து வந்தது. முழங்கால் உயரத்துக்கு இரும்பு அப்பளம் மாதிரி நொறுங்கியது. அவர் முகம் செத்துப்போனது. "நான் ஊத்தின தண்ணிதான்" என்றார். அழவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ என்னா பொம்மையாட்டம் நின்னுக்கினு இருக்கிற? என்னா வேணும், சொல்லு" என்றார்.

மேல் பாகம் திடமாக இருப்பதால் அடியை மட்டும் மாற்றினால் போதும் என்று இஞ்சினியர் சொல்ல, சங்கமும் ஒத்துக்கொண்டது. அவர் சொன்னபடி தூணின் இரு பக்கமும் கனத்த மரங்களை நிறுத்தி, ஜாக்கி வைத்துக் கூரையின் பாரத்தைத் தூக்கினோம். துருப்பிடித்த அடியை வெட்டி எடுத்தோம். தண்ணீர் எட்டாத உயரத்துக்குக் கான்கிரீட் மேடை போட்டோம். அது இறுகியதும் தகடு பதித்து, புது இரும்பை நிறுத்தி, மேல் தூணோடு பற்றவைத்தேன். பெண்கள்தான் ஜல்லியும் மணலும் சுமந்தார்கள். "இவ்ளோ பண்ணியும் இடிஞ்சிட்டா என்னாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "இடிஞ்சா திரும்பக் கட்டலாம். மணலைக் கொண்டாடி" என்றார் அக்கா.

ஜாக்கியை இறக்குகிற அன்று எல்லாரையும் வெளியே அனுப்பினோம். அக்கா மட்டும் நகரவில்லை. "போக்கா வெளிய!" என்று கத்தினேன்.

"துணியை அவுத்தவ நானு. அம்மாவுக்குக் கோவம்னா எம்மேலதான் விழணும். நீ இறக்கு."

இறக்கினேன். இரும்பு ஒருமுறை முனகியது. கூரை தூண்மேல் உட்கார்ந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவோ வாசலைப் பார்த்து, "எத்தினி நேரம்டி வேடிக்கை? வந்து அடுப்பை மூட்டுங்க!" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பொட்டு மட்டும் வைத்தார். குடத்தோடு வந்த பெண்ணிடம், "அம்மாவுக்குத் தண்ணி ஒத்துக்கல, எடுத்துக்கினு போ" என்று சொல்லிவிட்டார்.

நான் பற்றவைத்தது விட்டுப்போய்த் திரும்பி வந்தால், முன்பெல்லாம் இரும்பைக் குறை சொல்வேன், கரண்டைக் குறை சொல்வேன். இப்போது, "நான் பத்த வச்சதுதான், கொடு" என்று கையை நீட்டுகிறேன். அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். சொல்லும்போது நாக்கு கூசுகிறது. சொல்லிவிட்டு, திரும்பப் பற்றவைக்கிறேன்.