சகலை ஏறிய லிஃப்ட்

லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்குக் குடும்பத்தில் ‘மேப்’ என்று பெயர். சொந்தத்தில் யார் வெளிநாடு கிளம்பினாலும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். எந்த ஸ்டேஷனில் எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும், எந்த ஓட்டலில் பின்பக்க அறை கேட்டு வாங்க வேண்டும், எந்த மியூசியம் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். வேலை முடிந்து வந்து கையிலுள்ள கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்து வைத்து, பார்க்காத ஊர்களின் தெருக்களில் ஒவ்வொன்றாக நடந்துகொண்டிருப்பார். ஆனால் அவர் எங்கேயும் போனதில்லை. கேட்டால், இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்பார்.

அவருடைய மனைவியின் தங்கை வீட்டுக்காரர், அதாவது சகலை, சோபா விற்கிறவர். நல்ல மனிதர், நன்றாகப் பேசுவார், ஆனால் திசை மட்டும் தெரியாது. ஒருமுறை கடைவீதிப் பார்க்கிங்கில் சொந்தக் காரைத் தேடி அலைந்து, கடைசியில் பெண்டாட்டிக்குப் போன் போட்டவர். அந்த வருடம் அதிகமாக சோபா விற்றதற்காக அவரையும் மனைவியையும் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் செய்தி வந்தது. மெக்கானிக்குக்குக் காதில் புகை வராத குறை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முணுமுணுத்தார். மனைவி கேட்டும் கேட்காதவள்போல் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சகலை பழக்கூடையோடு வந்தார். நாலு நாள் கம்பெனி ஆட்களோடு, பிறகு ஒரு துறைமுக ஊரில் இரண்டு நாள் தனியாக. அந்த இரண்டு நாளுக்கு மட்டும் ஒரு திட்டம் போட்டுத் தர வேண்டும் என்றார்.

ஊரின் பெயரைக் கேட்டதும் மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. வருடக்கணக்கில் அவர் மனதில் வைத்திருந்த ஊர் அது. அங்கே கீழ்த்தெருவையும் மலைமேல் தெருவையும் இணைக்கும் பழைய லிஃப்ட் ஒன்று உண்டு. இரும்புக் கோபுரம், மரக் கூண்டு, ஓட்டுவதற்கென்று சீருடை போட்ட ஆள். அதைப் பற்றி அவர் பேசிப் பேசி மனைவிக்கே பாதி பாகங்களின் பெயர் தெரியும்.

திட்டம் போட்டார். குறை சொல்ல முடியாத திட்டம். மீன் சந்தை, கலங்கரை விளக்கம், மறுகரையில் கப்பல் மியூசியம் எல்லாம் இருந்தன. லிஃப்ட் மட்டும் இல்லை. அந்தத் தெருப் பக்கமே அவர்கள் தலைகாட்டாதபடி டிராம் வழியைக்கூட மாற்றி எழுதிக் கொடுத்தார். சகலை கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லன்னா நாங்க கண்ணக் கட்டி காட்டுல விட்ட மாதிரிதான் சகலை” என்றார். மெக்கானிக்குக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அந்த உறுத்தலைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது.

அவர்கள் போனார்கள். தினமும் போட்டோ வந்தது. மெக்கானிக் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, வானம் மங்கலாக இருக்கிறது, வெயில் போதவில்லை என்று ஏதாவது சொல்லுவார்.

ஒரு மதியம் ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பி வடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. வீடியோவில் சகலையின் முகம். பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

டிராம் மாறி ஏறிவிட்டார்களாம். இறங்கிய இடத்தில் மழை. ஒதுங்கப் போன இடத்தில் ஒரு கிழ லிஃப்ட். அதை ஓட்டுகிறவரிடம், எங்கள் வீட்டிலும் ஒருவர் லிஃப்ட் வேலைதான் செய்கிறார் என்று சகலை சைகையும் பேச்சுமாகச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் சந்தோஷப்பட்டு, பூட்டைத் திறந்து, மேலே மோட்டார் அறைக்கே கூட்டிப் போய்விட்டார்.

“உங்க பேரச் சொல்லித்தான் உள்ளயே விட்டாங்க சகலை,” என்றார். “இப்படி ஒண்ணு இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றால் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். மெக்கானிக் வடத்தைப் பிடித்துக்கொண்டு, “தெரியாது” என்றார். பிறகு மனசு கேட்காமல், “மோட்டார் சூடா இருக்கா?” என்று கேட்டார்.

சகலை கையை வைத்துப் பார்த்தார். “வெதுவெதுப்பா இருக்கு.”

அன்று மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. தன் தொழிலைச் சொல்லி, தனக்குத் திறந்திருக்க வேண்டிய கதவுக்குள், ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடிக்கிற ஒருவர் போய் நின்றிருக்கிறார். அதைவிட, ‘தெரியாது’ என்று தன் வாயாலேயே சொன்னதுதான் அதிகம் வலித்தது.

ஊர் திரும்பியதும் சகலை வீட்டில் விருந்து. ‘மேப்’புக்கே தெரியாத இடத்தை நான் கண்டுபிடித்தேன் என்று சகலை வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னார். மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். மெக்கானிக் அப்பளத்தை நொறுக்கியபடி உட்கார்ந்திருந்தார். நினைத்திருந்தால் மனைவி அங்கேயே குட்டை உடைத்திருக்கலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்.

“தெரியாதுன்னா சொன்னீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவரு போனதுக்கு வயிறு எரிஞ்சு என்ன பண்றது? உங்கள யாரு புடிச்சு வெச்சிருக்கா? ஒரு பாஸ்போர்ட்டுக்குக்கூட நீங்க எழுதிப் போடலயே.”

லீவு கிடைக்காது என்று சொல்லலாம், ஆனால் அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. போய்ப் பார்த்து, நினைத்த மாதிரி இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸில் அதைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. “இல்லன்னா இல்லன்னு பாத்துட்டு வருவோம்” என்றாள்.

அடுத்த வாரம் இருவரும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனார்கள். சகலை வீட்டுக்குச் சொல்லவில்லை. அங்கே என்னென்ன கேட்பார்கள் என்று அவர் முன்கூட்டி விசாரிக்கவும் இல்லை. எதிர் நாற்காலியில் ஒருவர், புதுப்பிக்க வேண்டிய பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை.

“கொடுத்து வெச்ச ஆளு” என்றார் மெக்கானிக், பல்லைக் கடித்துக்கொண்டு. எந்தெந்த ஊர் முத்திரை என்று பார்க்கக் கழுத்தை நீட்டினார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.