பொருத்தனைத் தக்காளி

அந்த வருடத் தோட்டத்துக்கென்று நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். திருப்பதியில் இரண்டு வருடம் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, சித்தூரில் ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்த புதிது. எதைப் பார்த்தாலும் நம்பர் போட்டு எழுதும் பழக்கம் படிப்போடு சேர்ந்து வந்துவிட்டது.

ஆடி மாதத்தில் நன்றாகப் பழுத்த ஒரு தக்காளியைப் பிழிந்து, விதையும் சாறுமாகக் கண்ணாடி டம்ளரில் இரண்டு நாள் வைத்தேன். மேலே நுரை கட்டியது.

"இன்னாடி இது, ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தாந்தியா?" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

புளித்தால்தான் விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு விடும் என்று விளக்கினேன். "எங்க மாமியாரு சாம்பல்ல பெரட்டி செவுத்துல அப்புவாங்க, அதுவும் மொளைச்சுது" என்றாள் அம்மா. விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி எண்ணினேன். அறுபதை எடுத்துக்கொண்டேன்.

வாய் உடைந்த ஒரு பானையில் செம்மண், மணல், மக்கிய ஆட்டெரு மூன்றையும் சமமாகக் கலந்து விதைத்தேன். விதைத்த அன்றே எறும்பு வந்துவிட்டது. எறும்புக்கு என் பாடப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. அண்ணிதான் ஒரு பிடி நொய்யைக் கொண்டுவந்து பானையைச் சுற்றித் தூவினாள். அவள் பூத்தலப்பட்டுப் பக்கம், விவசாய வீடு. "அதுக்கும் வயிறு இருக்குது இல்ல பாப்பா. இத எடுத்துக்கினு போயிடும், விதைய உட்டுடும்" என்றாள். அப்படியே ஆயிற்று. நாற்பத்தேழு முளைத்தன.

இருபத்தைந்தாம் நாள், தண்டு பருத்த பன்னிரண்டு நாற்றுகளை மட்டும் எடுத்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் பக்கமாக நட்டோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சவுக்குக் குச்சி. குச்சியில் ஆஸ்பத்திரி பிளாஸ்டர் ஒட்டி ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதினேன்.

நட்ட அந்த வாரத்தில்தான் அண்ணிக்கு நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது. போன வருடமும் இப்படித்தான் சந்தோஷப்பட்டோம். அது மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. அதன்பின் அண்ணி ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை. அண்ணன் ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவான். இந்த முறை அம்மா யாரிடமும் சொல்லாமல் துவைக்கும் கல் பக்கம் போய், முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு செடிகளுக்கு நடுவே முழங்காலிட்டாள். திரும்பி வந்து எங்களிடம் சொன்னாள்.

"பொருத்தன பண்ணிக்கினேன். இந்த புள்ள நின்னுச்சின்னா, இந்த பன்னெண்டு செடியோட மொதல் பழமெல்லாம் கோயிலுக்கு. அறுப்புப் பண்டிகை வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது."

அறுப்புப் பண்டிகை எங்கள் சபையில் ஐப்பசி கடைசியில் வரும். நெல், கேழ்வரகு, பூசணி, கோழி என்று அவரவர் வீட்டு முதல் விளைச்சலைக் கொண்டுபோய் ஆல்டர் பீடத்துக்கு முன்னால் வைப்போம். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம்; அவர் ஜெபம் செய்தபின் வெளியே ஏலம் நடக்கும். கோயிலுக்குப் போகும்வரை அதில் ஒன்றை வீட்டில் எடுத்துத் தின்பது எங்கள் வீட்டில் கேள்விப்படாத காரியம்.

செடிகள் நன்றாக வந்தன. பக்கக் கிளையைக் கிள்ளினேன், அடி இலையைக் களைந்தேன், வாழை நாரால் தளர்வாகக் கட்டினேன். ஐப்பசியில் நூற்றுப் பதினாறு காய்கள் இருந்தன.

அண்ணிதான் நன்றாக இல்லை. மூன்றாம் மாதம் தாண்டியதும் வாந்தி நிற்கும் என்றார்கள், நிற்கவில்லை. சோறு, கஞ்சி, ரொட்டி எதுவும் தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தேன். ஹீமோகுளோபின் எட்டு. ரிப்போர்ட் எழுதியது நானே என்பதால் அதை நம்பாமல் மறுபடி பார்த்தேன். எட்டுதான்.

"எதுனா வாய்க்குப் புடிக்குதா சொல்லும்மா" என்று நைனா கேட்டுக்கொண்டே இருந்தார். மிஷன் பள்ளியில் டிராயிங் மாஸ்டர், மருமகளிடம் நிமிர்ந்துகூடப் பேசமாட்டார். ஒரு நாள் அண்ணி தக்காளி என்று சொன்னதும் குடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடினார். வாங்கி வந்ததை அவள் முகர்ந்ததுமே வாந்தி எடுத்தாள். கூடை நாற்றம் அடிக்கிறதாம். ஆனால் மத்தியானங்களில் செடிகளிடையே போய் உட்கார்ந்துகொள்வாள். தக்காளி இலையைக் கசக்கி முகர்ந்தால் குமட்டல் அடங்குகிறது என்றாள்.

பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கோயில் பந்தல் சரிந்துவிட்டதால் பண்டிகையை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். செடிகளுக்கு அது எப்படித் தெரியும்? காய்கள் வெளுத்து, மஞ்சள் ஏறத் தொடங்கின.

நான் தினமும் எண்ணினேன். எண்ணிக்கை குறைந்தது. புழு விழுந்ததையும் அழுகியதையும் தனியாக எழுதியிருந்தேன். அதற்கு மேலும் குறைந்தது.

"அணிலா இருக்கும்" என்று நைனா பழைய கொசுவலையை வெட்டிப் போர்த்தினார். "ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டிடுங்க டாக்டரம்மா. அணில் படிச்சிப் பாத்துட்டு போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது நோட்டைப் பிரித்து வாசித்தேன். "மூணாம் நம்பர்ல ரெண்டு, ஏழாம் நம்பர்ல மூணு, பதினொண்ணுல ஒண்ணு. எல்லாம் காம்போட கிள்ளியிருக்குது. அணில் கடிச்சா பாதி கீழ கெடக்கும். இது அணில் இல்ல."

கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. நிமிர்ந்தபோது அண்ணியின் கை தட்டில் அசையாமல் இருந்தது.

"நாந்தான் துன்னேன் அத்த" என்றாள். "உப்பு கூட இல்லாம. அது ஒண்ணுதான் உள்ள தங்குச்சி."

அம்மா எழுந்து கை கழுவப் போனாள், வெகு நேரம் வரவில்லை. நைனா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நோட்டை அப்போதே அடுப்பில் போட்டிருப்பேன், போட்டு என்ன ஆகப்போகிறது?

அம்மா திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அண்ணி செடிப் பக்கமே போகவில்லை. கொடுத்த கஞ்சியை வாங்கிக்கொள்வாள், கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவாள். "பர்வாலேது பாப்பா" என்று தெலுங்கில் சமாளிப்பாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி எடை மெஷினில் ஏற்றினேன். ஒரு வாரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. திரும்பி வரும்போது வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு நான் துன்னதுக்கு, இதுவும் போயிடுமா பாப்பா?"

அப்படியெல்லாம் ஆகாது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று படித்தவள் பாஷையில் என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்டது என்னிடம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் அம்மாவிடம் எடையையும் சொன்னேன், அவள் கேட்டதையும் அப்படியே சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், கொசுவலையை விலக்கி, செங்காயாக இருந்ததை எல்லாம் பறித்தாள். ஒன்றே ஒன்று நன்றாகச் சிவந்திருந்தது, ஐந்தாம் நம்பர் செடியில். அதைத் தனியாக வைத்தாள். மற்றதைக் கழுவி, துண்டு போட்டு, உப்புத் தூவி அண்ணிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"துன்னு."

அண்ணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "பொருத்தன அத்த..."

"பொருத்தன பண்ணது யாரு, நீயா? நான் வாயத் தொறந்தேன், கர்த்தரு என்னக் கேக்கட்டும். உன்ன ஏன் கேக்கறாரு? நீ துன்னதெல்லாம் காயி. மொதல் பழம் இதான், பாத்துக்கோ."

அப்படிச் சொல்லிவிட்டு அந்தச் சிவந்த பழத்தை எங்கள் முன்னாலேயே கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. வாழ்க்கையில் கர்த்தருக்கு என்று வைத்ததில் ஒரு அரிசியைக்கூடத் தொடாதவள். மென்று விழுங்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். நைனா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"எப்டி இருக்குது?" என்று கேட்டார், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"புளிப்பு" என்றாள் அம்மா.

அண்ணி ஒரு துண்டை எடுத்தாள். பிறகு இன்னொன்று. தட்டு காலியாகும்வரை அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். அது தங்கியது. மறுநாள் தக்காளியோடு இரண்டு வாய் சோறு. அதற்கடுத்த நாள் ரசம். பண்டிகைக்குள் மொத்தம் முப்பத்தொன்று பறித்தோம். வாந்தி ஒரேயடியாக நிற்கவில்லை, ஆனால் நாளுக்கு ஒரு தடவையாகக் குறைந்தது. அது தக்காளியாலா, ஐந்தாம் மாதம் வந்துவிட்டதாலா என்று யாராவது கேட்டால் என்னிடம் நிரூபணம் கிடையாது.

பண்டிகையன்று மீதியிருந்ததைக் கூடையில் அடுக்கினோம். கோயில் வாசலில் கூடைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்த ஐயரிடம் அம்மா நேராகப் போனாள்.

"இது மொதல் பழம் இல்ல ஐயரே. மொதல் பழம் நான் துன்னுட்டேன். மருமவளுக்கும் குடுத்துட்டேன். பொருத்தன பண்ணிட்டு வாக்கு தப்பிட்டேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஐயர் அண்ணியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார்.

"புள்ளைக்காகப் பண்ண பொருத்தனைதானம்மா?"

"ஆமாங்க."

"புள்ளைக்குத்தான போய்ச் சேந்திருக்குது. கூடைய உள்ள வையுங்க, பின்னால பூசணிக்கா தூக்கிக்கினு நிக்கறாங்க பாருங்க."

அம்மா கூடையை ஓரமாக, மற்றவர்களின் கூடைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள். ஐயர் மன்னித்துவிட்டார், அம்மா தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது. பெண்கள் பக்கம் கடைசிப் பாயில், தலை குனிந்தபடி.

பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. நான் அண்ணிக்கு இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம். திடீரென்று அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாந்தி வருகிறதோ என்று நான் எழப்போனேன். அவள் தலையை ஆட்டி என்னைத் தடுத்தாள். அம்மாவின் கையை எடுத்து, தன் முந்தானைக்குக் கீழே, வயிற்றின் இடது பக்கமாக வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஐயர் நீளமாகப் பேசுகிறவர். பிரசங்கம் முடிந்து சபை எழுந்து பாடத் தொடங்கியது. அம்மா எழவில்லை. கையை எடுக்கவும் இல்லை.