ஒரு கோட்டுக்குள் மூன்று அடுப்பு

தி.நகரில் துணிக்கடைச் சந்தடிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். நான் அங்கே டிராஃப்ட்ஸ்மேன். பெண்ணுக்கென்று வேறு சொல்லை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, எனக்கும் அதில் வருத்தமில்லை. இடது கை கீபோர்டில், வலது கை மவுஸில். எல் தட்டினால் கோடு வரும். ஓ தட்டினால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், கேட்ட தூரத்தில், இன்னொரு கோடு வரும். டி.ஆர். தட்டினால் நீட்டிக்கொண்டிருப்பது நறுக்கப்படும். இ தட்டினால் அழிந்தே போகும். யோசித்து யோசித்துத் தட்டுகிறவர்கள் இந்த வேலைக்கு ஆக மாட்டார்கள், விரல் தானாக ஓட வேண்டும். என் விரல் ஓடும். அதனால்தான் குப்பத்து வேலை என்னிடம் வந்தது.

சாந்தோம் பக்கம் கடலோரத்தில் ஒரு குப்பத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். இப்போது அங்கே எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று காட்டும் வரைபடம்தான் முதல் படி. சர்வே ஆட்கள் அளந்து அனுப்பிய கோடுகளை நாங்கள் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுக்கும் படத்தில் எத்தனை வீடோ, அத்தனை ஃபிளாட்.

அது எங்கள் குப்பம். நான் பிறந்து வளர்ந்து, இன்றும் காலையில் தலை சீவிக்கொண்டு புறப்படுகிற இடம். அலுவலகத்தில் இதை நான் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது எந்த ஏரியா என்று கேட்டார்கள், சாந்தோம் என்றேன். அது பொய்யில்லை. கதீட்ரல் மணி எங்கள் வீட்டுக்கும்தான் கேட்கிறது. குப்பம் என்று சொன்னால் சிலருக்கு முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது, வாய் சும்மா இல்லையென்றால் வேலை இருக்காது. அதனால் சாந்தோம் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

படத்தைச் சுத்தம் செய்வதற்கு எங்கள் தலைமை இன்ஜினியர் ஒரு முறை வைத்திருந்தார். அவரை நாங்கள் சார் என்போம். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சுவர் மட்டும், சுற்றி மூடிய ஒரே கோடாக இருக்க வேண்டும். மூடிய கோட்டைத்தான் மென்பொருள் ஒரு வீடு என்று எண்ணும். முனைகள் மயிரிழை சேராமல் இருந்தாலும் எண்ணாது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் டிரிம், உள்ளே துண்டு துண்டாகக் கிடந்தால் எரேஸ்.

"உள்ளே கிடக்கிறதெல்லாம் குப்பை. யோசிக்காதீங்க, தூக்கிட்டே போங்க" என்றார் சார்.

முதல் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேலிருந்து பார்த்தால் நம் ஊரே வேறு மாதிரி இருக்கிறது. மாதா சிலை இருக்கிற குருசடி ஒரு சின்னச் சதுரம். வலை காயப்போடும் இடம் வெறும் வெள்ளை. எங்கள் தெருவை மட்டும் பிடித்த பண்டத்தைக் கடைசியில் தின்பது போல ஒதுக்கி வைத்திருந்தேன். மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதைத் திறந்தேன். அன்று மாலைக்குள் படம் போய்ச் சேர வேண்டும்.

எங்கள் வீட்டைச் சுற்றி வந்த கோடு லேசாகக் கோணலாக இருந்தது. அளந்தவர்கள் மேல் தப்பில்லை, வீடே கோணல்தான். உள்ளே குறுக்காக இரண்டு துண்டுக் கோடுகள் கிடந்தன. ஒன்றைக் கிளிக் செய்தேன். இ, என்டர். அது போய்விட்டது. அடுத்ததின் மேல் மவுஸை வைத்தபோதுதான் உறைத்தது.

நான் அழித்தது அண்ணி அடுப்பு வைத்திருக்கிற சுவர்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் குப்பத்தில் ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அவன் தனித் தலைக்கட்டு. ஊர்க்கூட்டத்தில் அவனைத் தனியாக எண்ணுவார்கள், ஊர் வரியும் தனி. தனி வீடு கட்ட இடத்துக்கு எங்கே போவது? இருக்கிற வீட்டுக்குள்ளேயே குறுக்கே ஒரு சுவர் எழுப்புவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அடுப்பு, கடலைப் பார்த்து ஒரு வாசல். அதோடு அது வேறு வீடு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரே கூரைதான் தெரியும். எங்கள் கூரையின் கீழ் மூன்று அடுப்பு. நடுவில் அம்மாவும் நானும். வடக்குப் பக்கம் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள். தெற்கே தம்பியும் அவன் மனைவியும். ரேஷன் கார்டு மட்டும் இன்னும் ஒன்றுதான். பிரிக்கணும் பிரிக்கணும் என்று மூன்று வீட்டிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

சர்வே ஆட்கள் வந்தபோது அவர்களை உள்ளே அழைத்துப் போனதே அம்மாதான். சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினாளாம். "இது பெரியவன் வூடு. அது சின்னவன் வூடு. நடுவுல நானும் பொண்ணும் கீறோம். நல்லா எய்திக்கோ நைனா." அவர்களும் ஒழுங்காக அளந்து, ஒழுங்காகக் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதைத்தான் நான் குப்பை என்று தூக்கிக்கொண்டிருந்தேன்.

யு தட்டினேன். சுவர் திரும்பி வந்தது. உடனே குருசடிக்குப் பக்கத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது. அங்கே அண்ணன் தம்பி நாலு பேர், நாலு அடுப்பு. அதை நான் முந்தின நாள் ஒரே வீச்சில் சுத்தம் செய்திருந்தேன். அதற்குப் பின்னால் இருக்கிற வீடு, எதிர் வரிசை, ஐஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் வீடு... எத்தனை சுவர்களைத் தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. கோப்பை ஒருமுறை மூடித் திறந்துவிட்டால் யு அதற்கு முன்னால் போகாது. நேற்று அழித்தது நேற்றோடு போயிற்று. சர்வே ஆட்கள் அனுப்பிய மூலக் கோப்பு மட்டும் வேறு ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது.

பக்கத்து மெஷினில் வேலை செய்கிறவர் எட்டிப் பார்த்தார். வடபழனிக்காரர். ஊரில் யாரையும் கிண்டல் செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"இன்னா மேடம், பேயடிச்சா மாதிரி உக்காந்துக்கினு கீறீங்க? கம்ப்யூட்டர் எதனா திட்டிச்சா?"

ஒன்றுமில்லை என்றேன்.

முதலில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டை மட்டும் சரி செய்தேன். இரண்டு துண்டுக் கோடுகளையும் எக்ஸ்டெண்ட் கொடுத்து வெளிச்சுவரைத் தொட வைத்தேன். பவுண்டரி என்று ஒரு கட்டளை இருக்கிறது, சுவர்களுக்கு நடுவே ஒரு புள்ளியைக் கிளிக் செய்தால் சுற்றி மூடிய கோடு தானாக எழும்பும். மூன்று கிளிக், மூன்று வீடு. யாரும் கேட்கப் போவதில்லை. சேவ் செய்ய வேண்டியதுதான் பாக்கி. படத்தைச் சற்றுச் சின்னதாக்கிப் பார்த்தேன். குப்பம் முழுக்க ஒற்றைக் கட்டங்கள், நடுவில் எங்கள் வீடு மட்டும் மூன்று கட்டம். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. நாளைக்குக் குருசடி வீட்டு அக்காவைத் தண்ணீர் லாரி வரிசையில் பார்த்தால் எந்த முகத்தோடு பேசுவேன்? எழுந்து சாரின் அறைக்குப் போனேன்.

"சார், குப்பத்து வீடுகள்ல உள்சுவரெல்லாம் வேணும் சார். நிறைய சுவர் வெறும் தடுப்பு இல்லை, தனித்தனிக் குடும்பம். நாம அழிச்சது தப்பு."

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உள்ளே இருக்கிறது பார்ட்டிஷன்மா. எல்லா வீட்டிலும் இருக்கும். உங்க வீட்டில் இல்லையா?"

"எங்க வீட்ல இருக்கு சார். அதனாலதான் சொல்றேன்."

"சாயங்காலம் அனுப்பணும். இப்ப வந்து சொல்றீங்க."

"மூலக் கோப்பு இருக்கு சார். உள்கோடுகளை எடுத்து அதே இடத்தில் ஒட்டிடலாம். ரெண்டு பேர் உட்கார்ந்தா முடிஞ்சிடும்."

இப்போது போனைக் கீழே வைத்தார். "சரி, ஒட்டுறீங்க. எந்தச் சுவர் குடும்பத்தைப் பிரிக்குது, எது வெறும் சமையல் ரூம் சுவருன்னு கோட்டைப் பார்த்து எப்படித் தெரியும்? அந்தக் கோடும் இந்தக் கோடும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"கடல் பக்கம் தனி வாசல் இருந்தா தனி வீடு சார். மூலக் கோப்பில் வாசலும் அளந்திருக்காங்க."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சரியான கேள்வி. குப்பங்களில் அதுதான் வழக்கம் என்று சொல்லியிருக்கலாம், யாரோ சொன்னார்கள் என்று மழுப்பியிருக்கலாம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியிருந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"அது எங்க குப்பம் சார். நான் அங்கேதான் இருக்கேன்."

அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கத் தயாராக நின்றேன். அப்படி ஒன்றும் போகவில்லை. அதைவிட மோசம், அவர் யோசிக்க ஆரம்பித்தார்.

"எது உங்க வீடு? காட்டுங்க."

என் மெஷினுக்கு வந்தார். காட்டினேன். மூன்று கட்டமும் திரையில் அப்படியே இருந்தது, இன்னும் சேவ் செய்யவில்லை. பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மத்த வீடெல்லாம் நீங்க சொல்ற மாதிரி போட்டுடலாம். வாசல் இருக்கிறதை ஒண்ணு விடாம பாருங்க. சர்வே ஆளுங்ககிட்ட நான் போன்ல பேசி உறுதிப்படுத்திக்கிறேன். ஆனா இது மட்டும் வெளிக்கோட்டோட இருக்கட்டும்."

"ஏன் சார்? அதுவும் அளந்த சுவர்தானே? எங்க அம்மா நின்னு காட்டக் காட்ட அளந்தாங்க சார்."

"அளந்ததுதான். நான் இல்லைன்னு சொல்லலை. நாளைக்கு யாராவது ஒருத்தர் கேட்பாங்க. படம் போட்ட பொண்ணு அந்த ஊர்தான், அவ வீடு மூணாகியிருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை வரட்டும். இந்த ஒரு வீட்டை மட்டுமா தள்ளுவாங்க? மொத்தப் படமும் குப்பைக்குப் போகும். வேற ஆபீஸ்ல கொடுத்து, வெளிச்சுவர் மட்டும் போட்டு வாங்கிப்பாங்க. எல்லார் சுவரும் போயிடும்."

"அப்ப இவர் வரையட்டும் சார்" என்று பக்கத்து மெஷின்காரரைக் காட்டினேன்.

"யார் வரைஞ்சாலும் ஆபீஸ் ஒண்ணுதானேம்மா." குரலைத் தணித்துக்கொண்டார். "நேரில் வந்து சரிபார்க்கச் சொல்லிக் குறிப்பு எழுதிடறேன். வருவாங்க."

வருவார்கள் என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அநியாயமாக ஏதாவது சொல்லியிருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். வாயைத் திறக்காமல் சேவ் செய்திருந்தால் எங்களுக்கு மூன்று வீடு. வாயைத் திறந்தேன், ஒன்று. இதுதான் கணக்கு.

மத்தியானம் முழுக்க நானும் வடபழனிக்காரரும் வேலை செய்தோம். அவர் மூலக் கோப்பிலிருந்து உள்கோடுகளை எடுத்துக் கொடுக்க, நான் ஒட்டி, நீட்டி, மூடிக்கொண்டே போனேன். அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. டீ வந்ததைக்கூட நான் பார்க்கவில்லை, அவர்தான் டம்ளரை என் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். குருசடி வீடு நாலாயிற்று. எதிர் வரிசையில் பாதி வீடுகள் இரண்டிரண்டாயின. ஓரிடத்தில் உள்சுவர் இருந்தது, தனி வாசல் அளக்கப்படவில்லை. அந்த வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும், மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பு. அதை ஒன்றாகவே விட்டேன். சார் நடுவில் இரண்டு முறை வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்த பிறகு எங்கள் வீடு இருந்தது.

"நான் வேணா பண்ணட்டா மேடம்?" என்றார் வடபழனிக்காரர்.

"வேணாம். என் வூடு."

அலுவலகத்தில் நான் வூடு என்று சொன்னது அதுவே முதல் தடவை. உள்ளே இருந்த கோடுகளைத் தேர்ந்தெடுத்தேன். விரல் இந்த முறை ஓடவில்லை. இ தட்டினேன். என்டர் தட்டினேன். வெளிக்கோட்டை மூடினேன். சேவ் செய்தேன். சார் அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. அம்மாவிடம் சொல்லலாமா, நாளைக்குச் சொல்லலாமா, சொல்லாமலே விட்டுவிடலாமா என்று லஸ் வரும் வரை மனசு அல்லாடியது. வந்து சரிபார்ப்பார்கள், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே அதில் நம்பிக்கை வரவில்லை.

அண்ணி ரோட்டோரத்தில் மீன் விற்று முடித்துப் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக முடியாது, வழியே அதுதான்.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது? ஆபீஸ்ல எதனா சொன்னாங்களா?"

சொல்லிவிட்டேன். நின்ற இடத்திலேயே, ஒன்றையும் மறைக்காமல். நம் குப்பத்துப் படத்தை நான்தான் போடுகிறேன் என்பதுகூட அவளுக்கு அதுவரை தெரியாது.

"படத்துல நம்ம வூடு ஒண்ணுதான் அண்ணி. உள்சுவரை நான்தான் அழிச்சேன்."

அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. "மத்தவங்க வூடு?"

"எல்லாத்தையும் பிரிச்சுட்டேன்."

"குருசடியாண்ட அந்த நாலு பேர் வூடு?"

"நாலு."

"நல்லதுதான். பாவம், அதுங்களுக்கும் புள்ளைங்க கீது" என்றாள். பலகையில் கடைசித் தண்ணீரை ஊற்றினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரே வூடு குட்த்தா அதுல யாருடி இருக்கறது? நானும் என் புள்ளைங்களுமா? உன் தம்பியா? இல்ல, நீயும் உங்கம்மாவுமா?"

பலகையைத் தூக்க ஒரு பக்கம் கை வைத்தேன். தினமும் நாங்கள் இரண்டு பேரும்தான் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

"வுடு" என்றாள் அண்ணி. "நானே தூக்கிக்கறேன்."