‘டேக்’ என்ற சொல்லும் ஒரு கைப்பிடிக் கற்கண்டும்

அன்று காலை எங்கள் வீட்டில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர் ரமேஷ் மாமா, நான். இல்லாதவர் மார்கரெட். அவர் படுத்திருந்த கட்டிலில் போர்வை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கைப்பேசி சார்ஜரில் கிடந்தது. கைப்பை தலையணைமேல் இருந்தது, சின்ன மணிபர்ஸை மட்டும் காணோம். குப்பைக்கூடையில் இன்சுலின் ஊசியின் சின்ன மூடி. அதைப் பார்த்ததும்தான் விஷயம் எவ்வளவு மோசம் என்பது எனக்கு உறைத்தது. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். இங்கிலாந்தில் அவர் வீட்டு மாடியறையில் மூன்று வருடமாகக் குடியிருக்கும் நான் அதை ஒரு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நேரத்துக்கென்று அவர் வைத்திருக்கும் மிட்டாய் டப்பா கைப்பைக்குள்ளேயே இருந்தது.

“நேத்தே கடலப் பாக்கணும், கடலப் பாக்கணும்னு சைகை காட்டினு இருந்தாங்கடா. நாமதான் சாயங்காலம் போலாம்னு தள்ளிட்டோம்” என்றார் அம்மா. “வெறும் வயித்தோட போயிருக்காங்களே, பசி எடுத்தா யாரப் போயி கேப்பாங்க?”

மார்கரெட்டுக்கு எழுபத்தொரு வயது. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து பல வருடமாகிறது. வீடியோ அழைப்பில் அம்மா மீன் ஆய்வதை அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். இந்த முறை நான் லீவில் ஊருக்குக் கிளம்பியபோது, தானும் வருவதாகச் சொல்லி டிக்கெட் போட்டுவிட்டார். அவருடைய மகள் ஜூலிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘ஐ வில் டேக் கேர் ஆஃப் ஹர்’ என்றேன். அந்த ஊரில் ‘டேக் கேர்’ என்பது பஸ் டிரைவர்கூட இறங்குகிறவர்களிடம் சொல்கிற வார்த்தை. போய் வா என்பதற்கு மேல் அதற்குக் கனம் கிடையாது. ஆனால் நான் சொன்னது நம் ஊர் ‘நான் பாத்துக்குறேன்’. ஜூலிக்கும் அது புரிந்தது என்றே நினைக்கிறேன். அங்கே விடிந்ததும் அவர் தினமும் அழைப்பார். நமக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். அதற்குள் மார்கரெட் கிடைத்தாக வேண்டும். கிடைத்தால் போதாது, நல்லபடியாகக் கிடைக்க வேண்டும்.

ரமேஷ் மாமா ஸ்கூட்டரில் கடற்கரைச் சாலைக்குப் பறந்தார். அப்பா நெல்லித்தோப்புச் சந்து சந்தாக நடந்தார். நான் மாமாவின் பழைய பைக்கை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கிருந்த டிரைவர் அண்ணன் ஒருவர், “பிரெஞ்சுக்கார அம்மாவா? பொன்ழூர்னு மரியாதையா வணக்கந்தான் சொன்னேன், மூஞ்சத் திருப்பிக்கினு போயிட்டாங்க” என்றார். அவர் பிரெஞ்சுக்காரர் இல்லை, இங்கிலீஷ்காரர் என்றேன். “இன்னாப்பா பெரிய வித்தியாசம். கடலூர் பஸ்ல ஏறுனாங்க, போய்ப் பாரு.” வந்த நாளிலிருந்து மார்கரெட்டுக்கு இது ஒரு தலைவலி. வெள்ளைத் தோலைக் கண்டால், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர் வாயில் தானாகப் பிரெஞ்சு வந்துவிடும். அவருக்கோ பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

கடலூர் சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது, வேறு எதையும் நினைக்கப் பயந்து, அம்மா சொன்ன ‘பசி எடுத்தா’ என்பதையே மனது பிடித்துக்கொண்டிருந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் டேக், டுக், டேக்கன் என்று வகுப்பே சேர்ந்து கத்தி மனப்பாடம் செய்தோம். பொருள்: எடு. அதோடு முடிந்தது. அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து, ஆலை மூடிய பிறகு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருப்பவர். கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் வீட்டில் புத்தகத்தைத் திறந்த முதல் ஆள் நான்தான். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை என்பதால் சந்தேகமே வராமல் பார்த்துக்கொண்டேன். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், அதைத் தெரிந்துகொண்டால் அந்தச் சொல் நமக்குச் சொந்தம் என்று நம்பித்தான் விமானம் ஏறினேன்.

இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் பண்டகசாலையில் எனக்கு வேலை. முதல் வாரம் மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து ‘டேக் ஃபைவ்’ என்றார். நான் அலமாரியிலிருந்து கையுறைப் பெட்டிகள் ஐந்தை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசைமேல் வைத்தேன். ஐந்து நிமிடம் ஓய்வெடு என்று அர்த்தமாம். மார்கரெட் முதன்முதலில் அம்மாவின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ‘யூ டேக் ஆஃப்டர் ஹர்’ என்றார். அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாய் என்கிறார் என நினைத்து, ஆமாம், மாதா மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன் என்று பெருமையாகப் பதில் சொன்னேன். என் முகம் அம்மாவைப் போல இருக்கிறது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். அங்கே பஸ்ஸையும் டேக் செய்கிறார்கள், குளியலையும் டேக் செய்கிறார்கள். சட்டையைக் கழற்றுவதும் டேக் ஆஃப், விமானம் கிளம்புவதும் டேக் ஆஃப். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது டேக் அப், புதிதாகத் தோட்டவேலையில் இறங்குவதும் டேக் அப். பெரிய பெரிய சொற்கள் என்னை அச்சுறுத்தவே இல்லை. அவை அகராதியில் ஓரிடத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். இந்தச் சின்னச் சொல்தான் எந்த வாசல் வழியாக எப்போது வரும் என்று தெரியாமல் என்னைப் பல மாதம் ஊமையாக வைத்திருந்தது. யாராவது அதைச் சொன்னால் சிரித்துவிடுவேன். சிரிப்புக்குப் பொருள் கேட்க மாட்டார்கள் அல்லவா? உங்களில் பலரும் அங்கே போய் இந்தச் சிரிப்பைச் சிரித்திருப்பீர்கள்.

ஆனால் பசி எடுக்கிறது என்று நாம் சொல்கிறோமே, அதில் யார் எதை எடுக்கிறார்கள்? நாம் லீவு எடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், வாந்தி எடுக்கிறோம். கத்தரிக்காயை வாங்குகிறோம், புடவையை மட்டும் எடுக்கிறோம். பெண் எடுக்கிறோம். பைக்கூட அரியாங்குப்பம் தாண்டியதும் வேகம் எடுத்தது. இத்தனையும் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எதிலும் தடுமாறியதும் இல்லை. அங்கே நான் பயந்த மிருகத்தின் கூடப்பிறந்த ஒன்றை நம் வீட்டு வாசலிலேயே கட்டி வளர்த்திருக்கிறோம். அந்தப் பதற்றத்துக்கு நடுவிலும் இது எனக்கு ஒரு சின்ன ஆறுதலாக இருந்தது.

தவளக்குப்பம் சந்திப்புக்குச் சற்று முன்னால் கைப்பேசி அடித்தது. அம்மா. பேச்சைவிட மூச்சுதான் முதலில் கேட்டது. “டேய் குணா, நம்ம மீன்காரச் செல்வி பேசுனா. அவ அண்ணன் பேத்திக்குக் காது குத்தாம், தவளக்குப்பத்துல. பந்தியில நம்ம வெள்ளக்காரம்மா உக்காந்துனு இருக்காங்களாம்.”

செல்வி அக்கா கடலோரத்துக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவருகிறவர். இரண்டு நாள் முன்பு எங்கள் வாசலில் மார்கரெட் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் பார்த்திருந்தார். அந்த முகத்தைச் செல்வி அக்கா மறக்க வாய்ப்பில்லை. நான் பைக்கை மறுபடி கிளப்பிச் சந்திப்பை நோக்கி விரட்டினேன்.

நடந்ததைப் பிறகு மார்கரெட்டும் செல்வி அக்காவுமாகச் சொன்னார்கள். கடற்கரை என்று கேட்டவரை, தவளக்குப்பத்தில் இறங்கி நேராக நடந்தால் கடல் வரும் என்று நடத்துநர் இறக்கிவிட்டிருக்கிறார். பத்து நிமிட நடைக்குள் கடல் வந்துவிடும், ஏதாவது கடையில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது மார்கரெட்டின் கணக்கு. கடலும் வரவில்லை, கடையும் வரவில்லை. வெயில் ஏறியது. வியர்த்தது. கை நடுங்கத் தொடங்கியபோது தன் மிட்டாய் டப்பா எங்கே கிடக்கிறது என்பது அவருக்கு நினைவு வந்தது. கண்ணுக்கெட்டியது தெருவை அடைத்துப் போட்டிருந்த ஒரு ஷாமியானா பந்தல்தான். நிழலுக்காக அதன் வாசலில் போய் நின்றார்.

நம் ஊரில் எந்த விசேஷத்துக்கும் பந்தல் வாசலில் ஒரு மேசை இருக்கும் அல்லவா, சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு, ஒரு தட்டில் கற்கண்டு. அங்கே நின்ற பாவாடை தாவணிப் பெண், வந்தவர் யார், எந்த வழி உறவு என்று கேட்கவில்லை. அந்த மேசையருகே நிற்பவர்கள் கேட்கக் கூடாது. பன்னீரைத் தெளித்துவிட்டுத் தட்டை நீட்டியிருக்கிறாள். ‘டேக் ஆன்ட்டி, டேக்.’ மார்கரெட் ஒரு கற்கண்டு எடுக்கவில்லை, ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாராம். அந்தப் பெண் மிரண்டுபோய், பிறகு நாற்காலி இழுத்துப் போட்டுத் தட்டையே அவர் மடியில் வைத்திருக்கிறாள். மருத்துவர் ஒருவர் அங்கே இருந்திருந்தாலும் முதலில் இதைத்தான் செய்திருப்பார். பிறகு இட்லி, பொங்கல், கேசரி.

நான் வாடகைக்கு இருக்கும் ஊரில் ஒரு சனிக்கிழமை, மாதா கோயில் மதில் ஓரமாக நின்று ஒரு கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அது அவர்கள் மரியாதை, அதைக் குறை சொல்ல மாட்டேன். அதே ஊரில்தான், காய்ச்சலில் கிடந்த என் கதவைத் தட்டி மார்கரெட் சூப் வைத்துவிட்டுப் போனார். ஆனால் அன்றைக்கு அந்தப் பந்தலுக்குள் நுழைந்தபோது, எந்த ஊர்க் கடவுளுக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டேன்.

கன்னத்தில் சந்தனமும் தலையில் ஒரு முழம் மல்லிகையுமாக, காது குத்திய வலியில் அழுதுகொண்டிருந்த பெண்குழந்தையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார் மார்கரெட். பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர். ஊரில் இவர்களைச் சொல்தா என்பார்கள். அவர் பிரெஞ்சில் நீளமாக எதையோ சொல்ல, மார்கரெட் இங்கிலீஷில் தன் தோட்டத்து ரோஜாவைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இருவருக்கும் திருப்தி. என்னைப் பார்த்ததும் முகம் மாறாமல், “யூ டுக் யுவர் டைம்” என்றார்.

முதல் வருடமாக இருந்தால், நிதானமாக வந்தாய், நல்லது என்று பாராட்டுவதாக நினைத்து நன்றி சொல்லியிருப்பேன். இத்தனை நேரம் எங்கேடா போய்த் தொலைந்தாய் என்பதன் அவர் ஊர் வடிவம் அது. சொல் காதில் விழுந்ததும் பொருளும் கூடவே விழுந்தது, நடுவில் தமிழுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கவில்லை. நான் சிரித்தேன். இந்த முறை அது தெரியாதவனின் சிரிப்பில்லை. சிரித்துக்கொண்டே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதும்விட்டேன். செல்வி அக்கா ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து கையில் திணித்தார். “தம்பி, அழுவுறதுக்குக் காது குத்துன கொழந்தையே போதும். நீ சாப்புடு” என்றார்.

சற்று நேரத்தில் அப்பாவும் அம்மாவும் ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். அம்மா மார்கரெட்டின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘டேக் ஃபுட்? டேக் வாட்டர்?’ என்று கேட்டார். அம்மாவிடம் இருக்கிற ஒரே இங்கிலீஷ் வினைச்சொல் அதுதான். ஜூலியின் வீடியோ அழைப்பு பந்தியில் இருக்கும்போதே என் கைப்பேசிக்கு வந்தது. மல்லிகைப்பூவோடு தன் அம்மாவின் முகத்தைத் திரையில் பார்த்த ஜூலி, ‘ஆல் ரைட்?’ என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று நான் சொன்னதில் பொய் இல்லை. முழுக் கதையையும் மார்கரெட்டே மாலையில் மகளிடம் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே.

கிளம்பும்போது அம்மா நின்றுவிட்டார். கை நனைத்துவிட்டு மொய் எழுதாமல் போவதாவது? செல்வி அக்கா தடுத்துப் பார்த்தார். “யக்கா, நாங்க இத திருப்பிச் செய்யறதுக்கு லண்டனுக்கா கப்பல் ஏறுவோம்?” விஷயத்தை நான் விளக்கியதும் மார்கரெட் தன் சின்ன மணிபர்ஸைத் திறந்து ஒரு நோட்டை மேசைமேல் வைத்தார். முழுத்தொகையாக வைக்கக் கூடாதென்று அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தை அதன்மேல் வைத்தார். மொய் நோட்டு எழுதிக்கொண்டிருந்தவர் ஊர் கேட்டார். மார்கரெட் தன் ஊரைச் சொன்னார். அது எழுத வராமல் அவர் லண்டன் என்று போட்டார். நெல்லித்தோப்பும் எங்க குணசேகரன் பேரும் போடுங்க என்றார் அப்பா. “தம்பி பேரு எந்த ஊருக்கு நேரா?” என்று அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று என் பெயரை இரண்டு ஊருக்கும் நடுவில் எழுதி மைக்கில் வாசித்துவிட்டார்: “லண்டன் மார்கரெட்டம்மா, குணசேகரன், நெல்லித்தோப்பு, ஐநூத்தி ஒரு ரூபா.”