நெட்டை அங்கிளின் முழங்கால்

அஜ்மானில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மழை என்றால் கொண்டாட்டம்தான். நாலு தூறல் விழுந்தாலே ரோட்டில் தண்ணீர் நிற்கும், பள்ளிக்கு லீவு விட்டுவிடுவார்கள். அன்றும் விட்டார்கள். ஆனால் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அம்மா விடிவதற்கு முன்பே துபாய் சத்வாவில் உள்ள கிளினிக்குக்கு டியூட்டி போய்விட்டார். பக்கத்து ஃபிளாட் அத்தை ஊருக்குப் போயிருந்தார். ஒன்பது வயதுக்காரியான என்னைத் தனியாக வைத்துப் பூட்டிவிட்டுப் போக அப்பாவுக்கு மனசு வரவில்லை. அவருக்கோ மதியத்திலிருந்து பஸ் டியூட்டி.

அப்பா ஓட்டியது கம்பெனி பஸ். அதில் வெளியாள் ஏறக்கூடாது. டிரைவர் பெற்ற பிள்ளையும் அந்தச் சட்டத்துக்கு வெளியாள்தான். மச்சினனைக் காலி பஸ்ஸில் ஏற்றிப் போன ஒரு டிரைவரை அப்போதுதான் விசா கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அப்பாவின் விசா போனால் அம்மாவும் நானும்கூடப் பெட்டி கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் சாம்பாரைவிட அதிகமாகப் பரிமாறப்பட்டது இந்த விசா பயம்தான்.

“ஏத்தா, கடைசி சீட்டுல படுத்துக்க. அங்கன ஒரு பயலும் வரமாட்டான். நான் கூப்புடுற வரைக்கும் தலையத் தூக்கக் கூடாது, என்ன?” என்றார் அப்பா.

அவர் அனுபவத்தில் அது சரிதான். கட்டட சைட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களானாலும் சுற்றுலாக் கும்பலானாலும் முன் சீட்டுக்குத்தான் முண்டியடிப்பார்கள். பாவம், அன்றைக்கு ஏறப்போவது யாரென்று அவர் யோசிக்கவில்லை. ஃபிரான்ஸில் ஏதோ ஒரு சின்ன ஊரின் பாஸ்கெட்பால் டீம். அங்கே குளிர் என்று இங்கே பயிற்சிக்கு வந்தவர்கள். அன்று சாயங்காலம் துபாய் கிளப் ஒன்றோடு ஆட்டம். ஒவ்வொருவரும் தலையைக் குனிந்துகொண்டுதான் பஸ்ஸுக்குள் வந்தார்கள். காலை நீட்ட இடம் தேடுகிறவன் எங்கே போவான்? நேரே கடைசி வரிசைக்குத்தான்.

என் மேலேயே உட்காரப் போனவர்தான் நெட்டை அங்கிள். பிறகு பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. குனிந்து பார்த்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன். அவரும் தன் விரலை உதட்டில் வைத்தார். அவ்வளவுதான், நாங்கள் கூட்டாளி ஆகிவிட்டோம். ஜன்னல் ஓரமாக என்னைத் தள்ளிவிட்டு, தன் பெரிய ஜாக்கெட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினார்.

பிடிபட்டால் அப்பாவின் விசா போய்விடும் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தானும் அரைகுறை இங்கிலீஷில் கிசுகிசுத்துக்கொண்டே வந்தார். டீம் தோற்றால் மறுநாள் அவர் ஊர் ரொட்டிக் கடைக்காரம்மா முகம் கொடுத்துப் பேசமாட்டாராம். கிளப்பில் காசு இல்லையாம். தனக்கும் வயதாகிவிட்டது, இந்த வருடத்தோடு அனுப்பிவிடுவார்களாம். “இன்னைக்கு இங்க இருக்குற கிளப்லேருந்து ஒருத்தர் என் ஆட்டத்தப் பாக்க வர்றார். அவருக்குப் பிடிச்சா அடுத்த வருஷம் எனக்கு இங்கதான் வேலை. உன் பக்கத்து வீட்டுக்கே வந்துடுறேன்” என்றார். என் காதில் விழுந்தது பக்கத்து வீடு மட்டும்தான். எங்கள் பில்டிங் லிஃப்டுக்குள் இவர் எப்படி நிற்பார் என்று கவலைப்பட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

ஷார்ஜா வந்ததும் ரோட்டையே காணோம், எங்கும் தண்ணீர். அப்பாவின் போன் அடித்தது. பேசி முடித்தவர் திடீரென்று பாட்டுப் பாடுகிறவர்போல ராகம் போட்டுக் கத்தினார்: “ஆத்தா, சூப்பர்வைசர் பெட்ரோல் பம்புல ஏறப்போறாராம்! மூச்சு விடாத, ஆத்தா!” பிரெஞ்சுக்காரர்கள் கை தட்டினார்கள். நான் ஜாக்கெட்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

சூப்பர்வைசர் ஏறினார். “பாய், கித்னா ஆத்மி?” என்று இந்தியில் ஆள் கணக்குக் கேட்டார். அப்பா சொன்ன கணக்கு போதவில்லை போலிருக்கிறது, ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே பின்னால் வர ஆரம்பித்தார். ஜாக்கெட் இடுக்கு வழியே அவருடைய ஈர ஷூ தெரிந்தது. அது சளப் சளப்பென்று கிட்டே கிட்டே வந்தது. அப்பாவின் முகம் கண்ணாடியில் தெரிந்தது, அதில் ஈயாடவில்லை. முடிந்தது, ஊருக்குப் போய்விட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் நெட்டை அங்கிள் “ஆ!” என்று அலறினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சீட்டில் சாய்ந்தார். அவர் முதுகுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நான் நசுங்கிப் போனேன். டீம் டாக்டர் ஓடிவந்தார், கோச் ஓடிவந்தார், நடைவழியே அடைத்துக்கொண்டது. பஸ்ஸுக்குள் ஆட்டக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? சூப்பர்வைசர் எண்ணுவதை விட்டுவிட்டு, “ஜல்தி, பாய், ஜல்தி!” என்று முன்னால் ஓடினார். டாக்டர் ஐஸ் எடுக்கத் திரும்பிய நேரத்தில் நெட்டை அங்கிள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அடேயப்பா, என்ன நடிப்பு!

ஆட்டக்கூடம் வந்ததும் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். சூப்பர்வைசர் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார். பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த அப்பா என்னைக் கட்டிக்கொண்டார். “சாமி புண்ணியம்த்தா. பாவம், அந்த மனுசனுக்குக் காலு புடிச்சுக்கிச்சு. இல்லாட்டி இன்னைக்கி நம்ம கதை கலாஸ்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. விரலை உதட்டில் வைத்த கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கலாமா?

ஆட்டம் பார்க்க டிக்கெட் கிடையாது, யாரும் போகலாம். மேல் வரிசையில் போய் உட்கார்ந்தோம். நெட்டை அங்கிள் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே குதித்துக் காட்டினார். கோச் தலையை ஆட்டி, தோளை அழுத்தி உட்கார வைத்தார். இன்னொரு தடவை எழுந்தார். இன்னொரு தடவையும் உட்கார வைத்தார். வெள்ளைக் கந்தூரா அங்கி போட்ட அரபிக்காரர் ஒருவர் கோச்சிடம் வந்து ஏதோ கேட்டார், பெஞ்சைப் பார்த்தார், இடைவேளைக்கு முன்பே கிளம்பிப் போனார். இன்னும் நடிக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேலேயிருந்து கையை ஆட்டினேன். அவர் தேடிக் கண்டுபிடித்து, விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

திரும்பும்போதும் கடைசி சீட்டுதான். ஆனால் அவர் என் பக்கம் திரும்பாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஹோட்டல் வாசலில் இறங்கும்போது அப்பா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “சாரி சார், கால், சாரி சார்” என்றார். அவர் அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

காலி பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா, “பாவம்த்தா, நல்ல மனுசன், கால் இப்புடி ஆயிப்போச்சே” என்று புலம்பிக்கொண்டே வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இனிமேல் என்ன ரகசியம்? அப்பா கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன்.

“அப்பா, அவருக்குக் கால்ல ஒண்ணுமே இல்ல. எனக்காகச் சும்மா நடிச்சாரு!”

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அது மட்டுமில்லப்பா, அடுத்த வருஷம் நம்ம பக்கத்து வீட்டுக்கு வரப்போறாரு. இங்க உள்ள கிளப்ல வேலை. அவர் ஆடுறதப் பாக்கத்தான் இன்னைக்கு அங்க ஒருத்தர் வந்தாரு.”

அப்பா சிக்னல் போட்டு, பஸ்ஸை ஓரம் கட்டி, தண்ணீரிலேயே நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எழுந்து போய் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“பயப்படாதீங்கப்பா,” என்றேன், “சூப்பர்வைசர் அப்பவே போயிட்டாரு.”